குழந்தைவேலுவின் காலை முட்டை

அவித்த முட்டையை நானே உரிப்பதுதான் வழக்கம். வேலைக்காரப் பெண்ணிடம் விட்டால் ஓட்டோடு பாதி வெள்ளைக்கருவும் போய்விடும். முட்டை விற்கிற விலையில் அது பாவம்.

உட்காருங்கள் தலைவரே. கோயில் கமிட்டி மூன்று பேருமே மூன்று மாடி ஏறி வந்திருக்கிறீர்கள். முதலில் மூச்சு இறங்கட்டும். கோயில் வாசலில் நின்று குழந்தைவேலு பெண்டாட்டி அம்சவேணி கத்தியது என் காதுக்கும் வந்தது. நமக்குள் என்ன ஒளிவுமறைவு? எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

என் தொழிலை வட்டிக்கடை என்று இந்தத் தாமுவே வட்டார மார்க்கெட்டில் பேசுகிறார்கள். அது அறியாமை. ஒருவனுக்கு விபத்து நடக்கிறது, வழக்குப் போடுகிறான். கம்பெனி சமாதானத்துக்கு வந்து மாதாமாதம் இவ்வளவு தருகிறேன் என்கிறது. ஆனால் மனிதனுக்குக் கஷ்டம் மாதாமாதம் பிரித்து வருவதில்லை, மொத்தமாக வந்து நிற்கிறது. அப்போது என்னிடம் வருவான். நான் ஒரே தடவையில் ஒரு தொகை கொடுப்பேன். அதன்பிறகு அவனுடைய மாதப் பணம் எனக்கு. அவனிடம் பொறுமை இல்லை, என்னிடம் இருக்கிறது. நான் விற்பது பொறுமையைத்தான்.

குழந்தைவேலு லான்மடாவில் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கியவன். சாமான் ஏற்றும் லிஃப்டின் கம்பி அறுந்து, இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே போய்விட்டன. மாதம் மூன்று லட்சம், அவன் உயிரோடு இருக்கும்வரை என்று முடிவானது. ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் கம்பெனி வக்கீல் தஸ்தகீர் அவனைக் கண்ணால் பார்ப்பார். உயிர் இருந்தால் பணம்.

இப்போது பெண்பிள்ளைகளையும் பட்டாளத்துக்குப் பிடிக்கிறார்களே, அவன் மகள் மாலாவுக்கு அந்த வயது. தாய்லாந்துக்கு அனுப்பிவைக்க ஏஜெண்டு மொத்தமாகக் கேட்டான். அம்சவேணி புருஷனை முதுகில் சுமந்துகொண்டு இந்த மூன்று மாடியும் ஏறி வந்தாள். உங்களைப்போல அவளுக்கு மூச்சு வாங்கவில்லை.

"அறுவது லட்சம் ரொம்பக் கம்மிண்ணே. நா இன்னும் முப்பது வருசம் இருப்பேன்" என்றான் அவன்.

"அத யாரு தம்பி கண்டா?"

"முப்பது வருசம் இருக்கணும்னா மொதல்ல இந்தச் சுருட்ட விடச் சொல்லுங்கண்ணே" என்றாள் அம்சவேணி. "நா சொன்னா எங்க கேக்குறாரு? நீங்களே வெச்சுப் பாத்துக்கிட்டாத்தான் உண்டு."

மூன்று பேரும் சிரித்தோம். அவர்கள் மறந்துவிட்டார்கள், நான் மறக்கவில்லை.

மாலா பத்திரமாக எல்லை தாண்டிவிட்டாள். ஆக, ஒரு பெண்பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறேன். இதை யாரும் வாசலில் நின்று கத்துவதில்லை.

மாதாமாதம் வக்கீலிடம் காட்ட அவனை அக்கரையில் டாலா வீட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. அந்த ஆறு உங்களுக்குத் தெரியும். கால் இல்லாத ஒருவன், சின்னப் படகின் விளிம்பில், வாயில் சுருட்டோடு, பெரிய கப்பல் கிளப்பும் அலையில் ஆடியாடி வருகிறான். அவனா ஆடுகிறான்? என் அறுபது லட்சம் ஆடுகிறது. மழைக்காலத்தில் அவனுக்கு இருமல் பிடித்தது. இரண்டு நாள் வைத்தியம் பார்த்து அனுப்புகிறேன் என்று இங்கே கொண்டு வந்தேன். அந்த இரண்டு நாள் கொஞ்சம் நீண்டுவிட்டது.

பின்னறையைக் கொடுத்தேன். மின்விசிறி, கொசுவலை, காலையில் முட்டை, இரவில் பால். அறைக்குப் பூட்டுப் போட்டேன் என்று அவள் சொன்னாளாமே? அபாண்டம். கால் இல்லாதவனுக்கு மூன்றாம் மாடியில் பூட்டு எதற்கு? படிக்கட்டு இரும்புக் கதவுக்குத்தான் பூட்டு. அது அம்சவேணியின் முதுகுக்காக.

அவள் வாராவாரம் வந்து கீழே நின்று கயிற்றை இழுப்பாள். இந்த ஊரில் எல்லா மாடியிலிருந்தும் தெருவுக்குத் தொங்குகிற கயிறுதான். மேலே மணி, கீழே சாமான் மாட்டி இழுக்கக் கிளிப்.

"ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேண்ணே."

"தூங்குறாம்மா."

ஒருநாள் அந்தக் கிளிப்பில் ஒரு சுருட்டைக் கவ்வவைத்தாள். இவன் தவழ்ந்து பால்கனிக்குப் போய் மேலே இழுத்துவிட்டான். புகை வாசனை வந்ததும் எனக்கு நெஞ்சு பதறிப்போயிற்று. அந்த வேதனை அவனுக்குப் புரியவில்லை.

"ஒரு சுருட்டுக்கு எத்தன மாசம்ணே கொறையும்?" என்று கேட்டுச் சிரித்தான்.

கயிற்றை அறுத்துவிட்டேன்.

அடுத்த ஒன்றாம் தேதி, கூலியாட்கள் அவனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனபோது, தஸ்தகீரிடமே முறையிட்டான். "வக்கீலய்யா, என்ன வீட்டுக்கு விடமாட்டேங்குறாரு."

தஸ்தகீர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க உசுரோட இருக்கீங்களா இல்லியான்னு பாக்குறதுதாங்க என் வேலை. பேசுறீங்க. போதும்." சட்டம் தெரிந்த மனிதர்.

பிறகு திருவிழா வந்தது. அனாதரவான ஊனமுற்றவரைத் தன் வீட்டில் வைத்துக் காப்பாற்றும் ஊ சந்திரமோகன் அவர்களுக்குக் 'கருணைச் செம்மல்' பட்டம். இந்த நாட்டுப் பெரிய மனிதர்களுக்குப் போடும் 'ஊ'வை என் பெயருக்கும் போட்டுப் பொன்னாடை போர்த்தியது நீங்கள், தலைவரே. அந்தப் பட்டத்தை வெட்டி மண்டபச் சுவரில் பளிங்குக் கல் பதித்ததும் நீங்கள்தான். கல்லுக்குக் காசு நான் கொடுத்தேன், அது வேறு. குழந்தைவேலுவையும் மேடையில் உட்காரவைத்து மைக்கை நீட்டினீர்கள்.

"என்ன வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க சாமி" என்றான்.

நீங்கள் மைக்கை வாங்கி, "பாத்தீங்களா, ஊ சந்திரமோகன் வீட்டு முட்டையும் பாலும் இவருக்கு அலுத்துப்போச்சாம்" என்றீர்கள். மண்டபமே சிரித்தது. பலமாகக் கைதட்டியதும் நீங்கள் மூன்று பேர்தான். அப்புறம் என் செலவில் பாயசம். இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டீர்கள்.

அன்றிரவே அவன் வாயை மூடிக்கொண்டான். சோறு வேண்டாம், பால் வேண்டாம்.

"டாலாவுல கொண்டு விடுங்க, திங்கிறேன். இல்லாட்டி ஒன்னாந்தேதி வக்கீலு பொணத்தத்தான் பாப்பாரு."

பேரம் பேசுகிறான். இந்த வீட்டில் இருந்துதான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். விட்டிருக்கலாமே என்பீர்கள். அந்தப் படகிலா? அந்தச் சுருட்டுக்கா? பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதல்லவா?

மூன்றாம் நாள் காலை முட்டையை உரித்தேன். உப்பும் மிளகும் தூவினேன். அவன் தலையைத் திருப்பிப் பல்லைக் கடித்துக்கொண்டான். நான் அவன் மார்பில் முழங்காலை ஊன்றி மூக்கைப் பிடித்தேன். மூச்சுக்காக வாய் திறந்தது. முட்டையை முழுதாக உள்ளே தள்ளினேன். துப்பிவிடக் கூடாதே என்று உள்ளங்கையால் பொத்தினேன். அவன் கை தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. அது ஓய்ந்தபோது, சாப்பிட்டுவிட்டான் என்று எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மேடையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தாரே, அவர்தான்.

இப்போது பளிங்குக் கல்லைப் பெயர்த்துவிட வேண்டும் என்கிறீர்கள். சுவர் பாழாகும், அது உங்கள் இஷ்டம். ஒன்று மட்டும் யோசியுங்கள். போட்ட முதல் திரும்பிவரவே எனக்கு இருபது மாதம் ஆகும். அவன் பதினாலாவது மாதமே போய்விட்டான். மீதி ஆறு மாதப் பணத்தைக் கொடு என்று அம்சவேணியிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? முட்டைக் காசையாவது கேட்டிருப்பேனா?

அந்தக் கல்லில் வெட்டியிருப்பதில் எந்த எழுத்து பொய், சொல்லுங்கள்.