சாவுத் தப்பும் ஐந்து நட்சத்திரமும்

டொரொண்டோவில் இருந்துகொண்டு இலங்கை மலையகத்து லிந்துலையில் ஒரு வீட்டைத் திருத்திக் கட்டுவது அப்படியொன்றும் கஷ்டமில்லை ஐயா. கையில் போன் இருந்தால் போதும். மேசன் பாஸ் சுவரைக் காட்டுவார். நான் இங்கே தேநீரைக் குடித்தபடி, "இன்னும் கொஞ்சம் வெள்ளை" என்பேன்.

அம்மாவுக்காக வாங்கிய வீடுதான். காலமெல்லாம் தேயிலைக் கொழுந்து பறித்தவள், தோட்டத்து லயன் வீட்டை விட்டு வந்து, முன்னறையில் மலையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். சுற்றுலாக்காரர்களும் அதே மலையைப் பார்க்கத்தானே வருகிறார்கள்? பிறந்ததிலிருந்து பார்த்த மலை அவளுக்கு அலுத்திருக்கும். முன்னறையை வாடகைக்கு விட்டு, அவளைப் பின்னறைக்கு மாற்றச் சொன்னேன்.

"அண்ணே, அங்க ஐஸ் மாதிரி குளிருது. அம்மா ராவெல்லாம் இருமுறாங்க" என்றாள் கூட இருந்த தங்கை நிலக்ஷி. இருமல் முன்னறைக்குக் கேட்கிறதா என்று விசாரித்தேன். கேட்கவில்லையாம். நிம்மதியாக இருந்தது.

ஏப்ரல் சீசனில், வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, அம்மா செத்துப்போனாள். அழுதேன், அதில் பொய்யில்லை. எங்கள் பக்கம் தப்பு மேளம் அடிக்காமல் பிணத்தை எடுப்பதில்லை. அழகுமுத்து மாமா ஆட்களோடு வந்து வாசலில் அடித்தார். என்ன சத்தமென்று முன்னறையில் தங்கியிருந்த ஜெர்மன்காரர்கள் எனக்கு மெசேஜ் போட்டார்கள். "உங்களை வரவேற்கும் பாரம்பரிய இசை" என்று பதில் போட்டேன். பாவம், விடுமுறைக்கு வந்தவர்களின் மனதை எதற்கு நோகடிப்பது? அவர்கள் நன்றாக ஆடினார்கள். பாடைக்கு வந்த மாலையை ஒருவர் கழுத்தில் போட்டுக்கொண்டாராம். இணையத்தில் பாராட்டி எழுதி ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்கள்.

அதைப் படித்துவிட்டு வந்தவர்கள் எல்லாரும் அந்த இசை தங்களுக்கும் வேண்டுமென்று கேட்டார்கள். மாமாவுக்குப் போன் எடுத்தேன்.

"சாவு இல்லாம சாவுத் தப்ப அடிக்கிறதா? ஒனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா திலக்ஷன்? வீட்டுல எழவு விழும்டா" என்று போனை வைத்துவிட்டார்.

சம்பிரதாயத்தை மதிக்கிறவன் நான். அவரை வற்புறுத்தவில்லை.

டயகமவில் பெரியப்பா தனியாக இருந்தார், நெஞ்சுச் சளிக்காரர். நிலக்ஷியை அனுப்பி அழைத்துவந்து பின்னறையைக் கொடுத்தேன். "நீ தங்கமான புள்ளடா, இந்தக் கெழவன மறக்கல" என்று வீடியோவில் அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அந்த அறை ஜன்னலுக்கு அம்மா இருந்தபோதும் கண்ணாடி இல்லை. மேசன் பாஸ் இப்போது போடப் போனார். வேண்டாம் என்று தடுத்தது நான்தான், ஒளிக்கவில்லை. நிலக்ஷி கம்பளி வாங்கக் கிளம்பியதையும் நிறுத்தினேன். ஆகஸ்டில் ஆட்கள் வந்திறங்கிய அன்றே பெரியப்பா போய்ச் சேர்ந்தார். மாமா மறுபேச்சில்லாமல் வந்து அடித்தார்.

இப்போது நிலக்ஷிக்கும் இருமலாம். தனக்கென்று யாருமில்லை என்று அவள் நினைத்துவிடக் கூடாது, அண்ணன் நான் இருக்கிறேன். டிசம்பருக்கு முன்னறை புக் ஆகிவிட்டது. அதனால் பின்னறையிலேயே படுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.