மழைக்குச் சாத்தக் கூடாத கதவு

இது நடந்தபோது மணி நாலு. ராத்திரி நாலு இல்லை, சாயங்காலம் நாலு. பேய் மணி பார்த்துத்தான் வரும் என்று நினைப்பவர்கள் இப்போதே போய்த் தூங்கலாம்... யாரும் போகவில்லையா? சரி, கிட்ட வந்து உட்காருங்கள். அந்த மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், கண் கூசுகிறது.

எங்கள் பட்டறையில் பாலிஷ் போடுகிறாரே, அவருடைய தங்கை வீட்டுக்காரருக்கு நடந்தது இது. அவர் தச்சர். வேலை இங்கே, சொந்த வீடு வேறு மாநிலத்தில். போன வருஷம் பத்து நாள் லீவு போட்டு, மனைவியையும் ஆறு வயசு மகளையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்த பெரியவர்கள் காலமாகிவிட்டார்கள், வீடு வருஷம் முழுக்கப் பூட்டித்தான் கிடக்கும். பஸ்ஸை விட்டு இறங்கி, ஆள் அரவமே இல்லாத மண்ரோட்டில் ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். ரோடு முடிகிற இடத்தில் வீடு.

போன அன்று பிடித்த மழை மூன்று நாளாக விடவில்லை. ரோடு எது, வாய்க்கால் எது என்று தெரியாத அளவுக்குத் தண்ணீர். கரண்ட் இல்லை. போனில் டவர் இல்லை. ஊர் சுற்றிப் பார்க்க வந்த குடும்பம் நான்கு சுவரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வீட்டில் ஒரு பழக்கம். மழைக்காலத்தில் பின்னறைக் கதவைச் சாத்தவே மாட்டார்கள். ஈரத்தில் மரம் உப்பி, நிலையோடு இறுகிவிடும். ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துத் திறந்தே வைப்பார்கள். அங்கே வளர்ந்தவர்களுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பாப்பாவுக்கு எப்படித் தெரியும்? அடுக்குமாடியில் வளர்ந்த பிள்ளை. எந்த அறைக்குள் போனாலும் கதவைச் சாத்த வேண்டும் என்று அம்மாவே பழக்கியிருந்தாள். நாலாம் நாள், நாலு மணிக்கு, பொம்மையை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். கட்டையை நகர்த்தினாள். சமர்த்தாகக் கதவைத் தள்ளினாள். காற்றும் சேர்ந்து தள்ளியது.

டப்.

கூடத்திலிருந்து மூன்று படி இறங்கினால் அந்தக் கதவு. தச்சர் தோளால் இடித்தார், காலால் உதைத்தார். அவர் அப்பா கையால் செய்த கதவு, இரண்டு விரல் தடிமன் பலகை. அசையவில்லை. உள்ளே ஜன்னலும் கிடையாது. லீவுக்கு எதற்கு உளியும் சுத்தியலும் என்று புறப்படும்போதே மனைவி பையிலிருந்து எடுத்து வெளியே வைத்திருந்தாள். இருந்தது ஒரு காய்கறிக் கத்திதான். இடுக்கில் விட்டார், பாதியில் முறிந்தது.

"அப்பா... தண்ணி வருதுப்பா."

தண்ணீர் வெளியே போகிற துளை வழியாக வெள்ளம் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. கதவின் அடியில் கசிந்து அவர் காலையும் தொட்டது.

"எவ்ளோ வருதும்மா?"

"முட்டி வரைக்கும்."

மனைவி வாசலில் நின்று, யாராவது வாங்களேன் என்று தொண்டை கிழியக் கத்தினாள். அந்த மழையில் யார் காதில் விழும்? முட்டி இடுப்பானது. உள்ளே அழுதுகொண்டிருந்த குரல் சட்டென்று நின்றது. அப்புறம்...

சர்ர்க்... சர்ர்க்...

மரம் சீவுகிற இழைப்புளியின் சத்தம். இருபது வருஷமாக அதிலேயே வயிறு கழுவுகிறவருக்குத் தெரியாதா? புதிதாக இழைத்த மரத்தின் வாசனை வந்தது. கதவின் அடியிலிருந்து ஒரு மரச்சுருள் தண்ணீரில் மிதந்து வந்தது. எடுத்துப் பார்த்தார்... காய்ந்திருந்தது. சாத்தியிருக்கிற கதவின் விளிம்பை யாராலும் இழைக்க முடியாது, கழற்றிப் படுக்க வைத்துத்தான் இழைக்க வேண்டும். அவர் கதவோடு வாயை வைத்துக் கேட்டார்.

"பாப்பா, உள்ள யாரு?"

"ஒருத்தர் இருக்காருப்பா. கதவ சரி பண்றாரு."

சத்தம் நின்றது. மழை மட்டும்.

"அப்பா... நான் வெளிய வந்துட்டா உள்ள யாரு இருப்பாங்கன்னு கேக்குறாரு."

"ஏங்க, பதில் சொல்லாதீங்க," என்றாள் படியில் வந்து நின்ற மனைவி. அவர் காதில் அது ஏறவில்லை. பிள்ளையின் மார்புக்குத் தண்ணீர் வந்திருக்கும். பெற்றவன் அந்த நேரத்தில் யோசித்துக்கொண்டா இருப்பான்?

"நான் இருக்கேன்னு சொல்லும்மா."

மூன்றே இழுப்பு. சர்ர்க். சர்ர்க். சர்ர்க். கதவு எண்ணெய் போட்டது போலத் திறந்தது. உள்ளே பாய்ந்து பாப்பாவைத் தூக்கி, நிலையைத் தாண்டி மனைவி கையில் கொடுத்தார். அவர் கால் இன்னும் உள்ளேதான் இருந்தது. காற்றில் கதவு ஒருமுறை மூடி... மறுபடி திறந்தது. அவர் வெளியே வந்தார். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டார். பாப்பா மட்டும் அவரிடம் போகவில்லை.

மறுநாள் மழை கொஞ்சம் விட்டது. கிளம்பும்போது அவரே பின்னறைக்குப் போய், அந்தக் கதவை இழுத்து அழுத்திச் சாத்திவிட்டு வந்தார். அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த மனிதர். மனைவி பாப்பாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

இப்போது இங்கேதான் இருக்கிறார். வேலைக்குப் போகிறார், சம்பளத்தை வீட்டில் கொடுக்கிறார், குறை சொல்ல ஒன்றும் இல்லை. நானே அவரோடு டீ குடித்திருக்கிறேன். போன வாரம் பாலிஷ்காரர் தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். எல்லாரும் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பாப்பா அம்மாவின் தோளில் சாய்ந்து, மெதுவாகச் சொன்னாளாம்:

"அம்மா, அந்த வீட்டுல மழை ஆரம்பிச்சிருச்சு. அப்பா உள்ள இருந்து கதவத் தட்டுறாரு."

எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தச்சர் கையை நிறுத்தினார். தலையைச் சாய்த்து, கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு மறுபடி சாப்பிடத் தொடங்கினார்.