எண்ணெய் கூடின வான்

எனது பெயர் வதனி குணரத்தினம். வயது நாற்பத்திரண்டு. சிட்னி, டூங்கபியில் கணவருடனும் இரண்டு பிள்ளைகளுடனும் வசிக்கிறேன். வீட்டு இலக்கமும் வீதியும் முன்பு கொடுத்த வாக்குமூலத்தில் உள்ளபடியே, அவற்றில் மாற்றமில்லை. பிறந்த இடம் சாவகச்சேரி. 1998ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் இருக்கிறேன். அவுஸ்திரேலியக் குடியுரிமை உண்டு. கணவர் குணரத்தினமும் நானும் இடியப்பம், தோசை மா, மிக்சர் ஆகியவற்றைத் தயாரித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். கொம்பனி இருவர் பெயரிலும் உள்ளது.

எனக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். சென்ற மாதம், அதாவது 2013 நவம்பரில், எங்கள் வான் மோதிய விபத்தைப் பற்றி இதே பொலிஸ் நிலையத்தில் ஆங்கிலத்தில் வாக்குமூலம் கொடுத்தேன். அதில் பொய் இருக்கிறது. இம்முறை மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தமிழில் தர வேண்டும் என்று நானே கேட்டேன். எங்கள் சாரதி லதீஸ் சொன்ன சொற்களை அவர் சொன்ன விதமாகவே பதிய வேண்டியிருப்பதே காரணம்.

எங்களிடம் இரண்டு டீசல் வான்கள் இருந்தன. தொடக்கத்தில் இரண்டையும் கிரவீனில் வரதராஜன் என்பவரின் வாகனத் திருத்தகத்தில் கொடுத்து வந்தோம். அவர் தமிழ்நாட்டுக்காரர். இந்த ஆண்டு தொடக்கத்தில் ஒரு வானுக்கு எண்ணெய் மாற்றியபோது வந்த கணக்கைப் பார்த்து, எண்ணெய் ஏன் இவ்வளவு விலை என்று நான் கேட்டேன். அதற்கு அவர், "அக்கா, இது ஃபுல் சிந்தெடிக். இந்த வண்டிக்குப் பின்னாடி புகையை வடிகட்ட ஒரு ஃபில்டர் இருக்கு. கண்ட எண்ணெயை ஊத்துனா அது அடைச்சிக்கும். விலைதான் பிரச்சினைன்னா வேற கம்பெனி டப்பா இருக்கு, கொஞ்சம் கம்மி, ஆனா இதே நம்பர் போட்டிருக்கும். அதுக்குக் கீழ போகாதீங்க" என்றார். அவர் சொன்னது எனக்கு முழுமையாக விளங்கியது. விளங்கவில்லை என்று பின்னர் எவரிடமாவது சொல்லியிருந்தால் அது உண்மையல்ல.

அதன் பின்னர் வீட்டில் இதைப் பற்றிக் கதைத்தோம். பண்ணைச் சாமான் விற்கும் இடமொன்றில் உழவு இயந்திரத்துக்கும் பழைய லொறிக்கும் ஊற்றும் எண்ணெய் பீப்பாயாகக் கிடைக்கும் என்று கணவர் விசாரித்து வைத்திருந்தார். "ஊரில லாண்ட்மாஸ்ரருக்கு என்ன சிந்தெற்றிக்கே ஊத்தினவங்கள்?" என்று கேட்டார். நான், "சிந்தெற்றிக் எண்டால் நைலெக்ஸ் சீலை மாதிரித்தானே. அசல் இல்லையே. நிலத்துக்குள்ள இருந்து வாறதுதான் அசல்" என்றேன். அதைப் பகிடியாகத்தான் சொன்னேன். கணவர் அதைக் கேட்டுச் சிரித்துப் பின்னர் நண்பர்களிடமும் சொல்லித் திரிந்தார். அந்தப் பகிடிக்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்த எண்ணெய் என்ற பேச்சே எழவில்லை. பீப்பாய் வந்தது. ஒரு முறை மாற்றும்போது வானுக்கு அறுபது டொலர் அளவில் மிச்சம் வந்தது. அதே மாதத்தில் குசினி மேசைக்குக் கருங்கல் போட்டோம். அதில் மலிவானது இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

அதன் பின்னர் திருத்தகத்துக்குப் போவதை நிறுத்தி, எண்ணெய் மாற்றும் வேலையையும் லதீஸிடம் கொடுத்தோம். லதீஸுக்கு வயது இருபத்தாறு. முல்லைத்தீவுப் பக்கம். சென்ற ஆண்டு படகில் வந்தவர், தற்காலிக விசாவில் இருப்பவர். அவருக்கு வேலை செய்யும் அனுமதி இருந்தது. அப்படியிருந்தும் நாங்கள் அவருக்குச் சம்பளத்தைக் கையில்தான் கொடுத்தோம். சட்டப்படியான சம்பளத்தில் அரைவாசிக்குச் சற்று மேலே கொடுத்தோம். "பாவம், வந்த பெடியனுக்கு ஒரு வேலை குடுத்திருக்கிறம்" என்று கோயிலில் சந்திப்பவர்களிடம் சொல்வேன். அவர்கள் என்னை நல்லவள் என்பார்கள்.

எண்ணெயை மாற்றியது லதீஸ்தான் என்று முதல் வாக்குமூலத்தில் சொன்னேன். அது உண்மை. எந்த எண்ணெய் என்பதை நாங்கள் முடிவு செய்தோம் என்பதையும், பீப்பாயைக் காட்டி இதைத்தான் ஊற்ற வேண்டும் என்று நாங்கள் சொன்னோம் என்பதையும் அப்போது சொல்லாமல் விட்டேன்.

சில மாதங்களின் பின்னர் வானின் முகப்பில் மஞ்சள் விளக்கொன்று எரியத் தொடங்கியது. லதீஸ் வந்து சொன்னார். கணவர் அது சும்மா எரிவது என்று கூறி அதன் மேல் கறுப்பு நாடாவை ஒட்டினார். பொதி கட்டும் மேசையிலிருந்து அந்த நாடாவை எடுத்துக் கொடுத்தது நான்.

அதன் பின்னர், விபத்துக்கு ஒரு கிழமைக்கு முன்னர் என்று நினைக்கிறேன், நாங்கள் வீட்டில் மிக்சர் பொதி செய்துகொண்டிருந்தபோது லதீஸ் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார். "அக்கா, எண்ணெய் கூடுது. நான் ஊத்தினதை விடக் கூட நிக்குது. டீசல் மணமும் அடிக்குது" என்றார்.

கணவர், "டேய், குறைஞ்சால்தான் வந்து சொல்லோணும். கூடினால் வாளியைக் கொண்டுபோய்ப் பிடி, மற்ற வானுக்கு ஊத்துவம்" என்றார்.

நான், "உமக்கு நல்ல கைராசி, லதீஸ்" என்றேன். பொதி செய்துகொண்டிருந்த பெண்கள் இருவரும் சிரித்தார்கள். லதீஸும் சிரித்தார். பிறகு, "இல்லை அண்ணை, உண்மையாத்தான்" என்று கம்பியை நீட்டினார். கம்பியிலிருந்து ஒரு துளி மேசையில் விழுந்தது. கணவர் அவரை வெளியே போகச் சொன்னார். நான் துணியால் மேசையைத் துடைத்தேன். துணியில் டீசல் மணந்தது.

சாரதி எதையும் எங்களுக்கு அறிவிக்கவில்லை என்று முதல் வாக்குமூலத்தில் நான் சொன்னது பொய். அவர் இரண்டு தரம் அறிவித்தார்.

விபத்து நடந்த காலையில் நானும் வானில் இருந்தேன். சாரதிக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தேன். பென்டில் ஹில்லில் சச்சிதானந்தன் என்பவரின் கடைக்கு இடியப்பம் இறக்கப் போனோம். அவருக்கு வயது அறுபத்து மூன்று. எங்கள் பிள்ளைகள் அவரை அங்கிள் என்பார்கள். கடையின் பின் ஒழுங்கையில் வானைப் பின்னுக்கு எடுக்க வேண்டும். சச்சிதானந்தன் கதவைத் திறந்துவிட்டு வெளியே நின்று, "வரலாம், வரலாம், இன்னும் வரலாம்" என்று கை காட்டினார். அப்போது என்ஜின் திடீரென்று தானாகவே இரையத் தொடங்கியது. அப்படியொரு சத்தத்தை நான் முன்பு கேட்டதில்லை. பின்பக்கம் முழுவதும் வெள்ளைப் புகை. வான் பின்னோக்கிப் பாய்ந்தது. லதீஸ் பிரேக்கை மிதித்தபடி இருக்கையிலிருந்து எழும்பிவிட்டார். அவர் திறப்பை, அதாவது சாவியை, திருப்பி நிறுத்தியதை நான் கண்ணால் கண்டேன். திறப்பு நிறுத்திய நிலையில் இருந்தது. என்ஜின் இரைந்துகொண்டே இருந்தது. வான் சச்சிதானந்தனைக் கதவுத் தூணோடு சேர்த்து அமர்த்தி நசுக்கிய பின்னரே நின்றது. லதீஸ் கியரை விலக்கி, இறங்கி ஓடி, வானை முன்னுக்குத் தள்ளினார். யாரும் தொடாமலே என்ஜின் மேலும் சிறிது நேரம் கத்திவிட்டு உள்ளே ஏதோ முறிந்த சத்தத்துடன் அடங்கியது. புகை வடிகட்டி அடைத்து, டீசல் எண்ணெயோடு கலந்து கூடினால், என்ஜின் அந்த எண்ணெயையே எரித்துத் தானாக ஓடும் என்று பின்னர் அறிந்தேன்.

அதிகாரி கேட்டதற்கு: லதீஸ் வேகம் கூட்டும் மிதியை அமர்த்தவில்லை. வலது கால் பிரேக்கில் இருந்தது. நான் பார்த்தேன்.

அதன் பின்னர் அம்புலன்சும் பொலிசும் வந்தன. லதீஸுக்கு ஆங்கிலம் போதாது. இளம் உத்தியோகத்தர் ஒருவர் என்னிடம், அவர் சொல்வதை மொழிபெயர்க்க முடியுமா என்று கேட்டார். நான் முடியும் என்றேன். லதீஸ் இரண்டு கைகளையும் தலையில் வைத்தபடி நின்றார். அவர் சொன்ன சொற்கள் இவை: "திறப்பை நிப்பாட்டினனான். நிக்கேல்லை. அக்காவும் பாத்தவா."

எங்கள் பேச்சில் 'நிக்கேல்லை' என்றால் நின்றது எது, நிற்காதது எது என்று சொல்லத் தேவையில்லை. கேட்பவருக்கு விளங்கும். எனக்கு விளங்கியது. என்ஜின் நிற்கவில்லை என்கிறார். நான் உத்தியோகத்தரிடம், தான் நிறுத்தவில்லை என்று அவர் சொல்வதாக ஆங்கிலத்தில் சொன்னேன். திறப்பைப் பற்றிச் சொன்னதை விட்டேன். அக்காவும் பார்த்தவர் என்று சொன்னதையும் விட்டேன். உத்தியோகத்தர் எழுதிக்கொண்டார். நான் சரியாகச் சொல்கிறேன் என்று நினைத்து லதீஸ் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினார்.

அதிகாரி கேட்டதற்கு: அப்படிச் சொல்லுமாறு கணவர் எனக்குச் சொல்லித்தரவில்லை. அந்த நேரம் அவருக்கு விபத்து நடந்ததே தெரியாது. நானாகவே சொன்னேன். எண்ணெய்ப் பீப்பாய் என் மனதில் வந்தது. காப்புறுதி தர மாட்டார்கள் என்பதும் வந்தது. தூணோடு கிடந்த மனிதர் அதற்குப் பிறகுதான் மனதில் வந்தார்.

அதன் பின்னர் சச்சிதானந்தனுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். நாங்கள் பழங்களுடன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தோம். "பெடியன் அமத்திப்போட்டான்" என்று அவர் சொன்னார். நாங்கள் பழங்களை மேசையில் வைத்துவிட்டு வந்தோம். அந்தக் கிழமையே கணவர் பழுதான என்ஜினைக் கழற்றிப் பழைய இரும்புக்கு விற்றார். மிச்ச எண்ணெய்ப் பீப்பாயையும் எங்கோ கொண்டுபோய்க் கொடுத்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

சென்ற கிழமை, பின்னேரம், லதீஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். விபத்துக்குப் பிறகு நாங்கள் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனதாகவும், சச்சிதானந்தனின் பிள்ளைகள் உள்ளே விடவில்லை என்றும் சொன்னார். "அங்கிள் இப்ப எப்பிடி அக்கா?" என்று கேட்டார். பிறகு, "அண்டைக்கு நீங்கள் வடிவாத்தான் சொன்னனீங்கள். எண்டாலும் அவங்கள் நம்பேல்லை. வழக்குப் போடப் போறாங்களாம்" என்றார்.

அவர் கையில் குடிவரவுத் திணைக்களத்தின் தாள் ஒன்று இருந்தது. படகில் வந்தவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று புதிதாகப் போட்டிருக்கும் விதிகள் அதில் இருந்தன. கையெழுத்திட்டால்தான் விசா நீடிக்கும். தனக்கு வாசித்துச் சொல்லும்படி கேட்டார். அந்தத் தாளை ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னேன்.

அவர், "அப்ப விசாவைப் பறிக்க வழக்குப் போட்டாலே காணுமோ? நான் பிழை செய்தனான் எண்டு கோர்ட் சொல்லத் தேவையில்லையோ?" என்று கேட்டார்.

"தேவையில்லைப் போலத்தான் இருக்கு" என்றேன்.

"பிறகு தடுப்புக் காம்புக்கோ, ஊருக்கோ அனுப்புவாங்கள்?"

அது தாளில் இல்லை என்றேன். "கையெழுத்து வைக்கட்டோ அக்கா?" என்று கேட்டார். வைக்காவிட்டால் விசா இல்லை என்றேன். "நல்ல விளையாட்டு" என்று சிரித்தார். பேனை கேட்டார். நான் கொடுத்தேன். பொதி மேசையில் வைத்துக் கையெழுத்திட்டுவிட்டு, "சரி அக்கா, போட்டு வாறன்" என்று சொல்லிப் போனார்.

அதன் பின்னர் கணவரிடம் நான் பொலிசுக்குப் போகப் போவதாகச் சொன்னேன். "உமக்கென்ன விசரே? வீடு போகும், கொம்பனி போகும். அவனை எப்பிடியும் ஒருநாள் அனுப்பத்தான் போறாங்கள்" என்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல. அவர் சொன்னதைத்தான் நான் ஒரு மாதமாக மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

லதீஸ் மீது இன்னும் வழக்குப் பதியப்படவில்லை என்று இன்று அதிகாரி என்னிடம் கூறினார். பதிவதற்கு முன்னர் இதை அவருடைய கோப்பில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வரதராஜனையும், பொதி செய்த பெண்கள் இருவரையும் விசாரிக்கலாம். பெயர்களைத் தனியாகக் கொடுத்துள்ளேன்.

பொய் வாக்குமூலம் கொடுத்ததற்காக என் மீது வழக்கு வரலாம் என்று அதிகாரி எச்சரித்தார். விளங்கியது. வழக்கு வந்தால் வழக்கறிஞர் வைப்பேன். தீர்ப்பு வரும் வரைக்கும் நான் குற்றவாளி அல்ல. அதுவரை என் வீட்டில், என் கட்டிலில் படுப்பேன். யாரும் என்னை எந்த நாட்டுக்கும் அனுப்ப மாட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டே பேசுகிறேன். ஆகையால் இதைத் துணிவு என்று எவரும் எழுத வேண்டாம்.

இதிலுள்ளவை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டன. நான் கண்டதும், கேட்டதும், செய்ததும் இவையே. எவருடைய வற்புறுத்தலும் இல்லை. இதன் கீழ் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) வதனி குணரத்தினம்