ஒரு நூல் சாய்வு

எலிக்குக் குளிர் ஆகாது. ஸ்கேன் எடுக்குமுன் மார்பில் தடவும் பசையைக்கூட வெதுவெதுப்பாக்கித்தான் தடவ வேண்டும். சில்லென்று வைத்தால் துடிப்பு இறங்கிவிடும். ஆய்வகத்தில் மற்றவர்கள் இதை மறந்துவிடுவார்கள். நான் மறந்ததில்லை.

என் வேலை அதுதான், ஐயா. எலிக்கு மயக்க வாயு கொடுத்து, சூடான பலகையில் மல்லாக்கப் படுக்கவைத்து, மார்பு முடியை நீக்கி, கருவியை வைத்து இதயத்தைத் திரையில் பார்ப்பேன். உடம்பைக் கிழிக்க வேண்டியதில்லை. கொஞ்ச நேரத்தில் எலி விழித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு கூண்டுக்குள் ஓடிவிடும். அடுத்த வாரமும் அதே எலிதான் வரும். பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றின் முகமும் பழகிவிடும்.

பக்கத்து மேசையில் மருந்து கலக்கும் அக்கா கேலி செய்வார். "எலிக்கே இவ்வளவு உபசாரம்னா, உன்னைக் கட்டிக்கப்போறவன் கொடுத்து வச்சவன்டி." நான் தலையைக் குனிந்துகொள்வேன். எனக்கு அவ்வளவாகப் பேச வராது.

அக்கா எலிகளுக்காகக் கலக்கும் அந்த மருந்து பலவீனமான இதயத்துக்கானது. கொடுக்கத் தொடங்கிய சில வாரங்களில் எலிகளின் இதயம் வீங்குவதைப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. படத்தில் வீக்கம் தெரிந்தால், அந்த மருந்து எடுத்த எலிகள் அத்தனையையும் அன்றைக்கே கொன்று, இதயத்தை எடுத்து அறுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். கொல்ல வருகிறவர்களுக்கு அவற்றில் ஒன்றைக்கூட அடையாளம் தெரியாது.

கருவியை இதயத்தின் நுனி தெரியும்படி நேராகப் பிடிக்க வேண்டும். ஒரு நூல் சாய்ந்தாலும் நுனி விடுபட்டுப்போகும்; வீங்கிய இதயமும் அளவாகத் தெரியும். புதிதாகக் கற்பவர்கள் தெரியாமல் செய்யும் தவறு இது. நான் தெரிந்தே செய்தேன். ஒவ்வொரு எலிக்கும், ஒவ்வொரு வாரமும். யாரும் சரிபார்க்கவில்லை. என் கை தவறாது என்று தலைமை விஞ்ஞானி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மருந்து தேறியது. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க ஆள் தேடினார்கள். அக்காவின் கணவருக்கும் இதயக் கோளாறு. மாடி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவார். ஒரு மதியம் அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே என் எதிரில் உட்கார்ந்தார்.

"வேற யார் எடுத்த படமா இருந்தாலும் யோசிப்பேன். நீ எடுத்தது. சொல்லு, மாமாவை அனுப்பட்டுமா?"

அப்போதே ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொல்லியிருந்தால் மாலைக்குள் கூண்டுகள் காலியாகியிருக்கும்.

"அனுப்புங்கக்கா," என்றேன்.

அக்கா என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மாமா முதலில் தெம்பாகத்தான் இருந்தார். பிறகு கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டும் என்று உட்கார்ந்தே தூங்கினார். உட்கார்ந்தபடியே போய்விட்டார். நோய் முற்றிவிட்டது, மருந்து என்ன செய்யும் என்று சொல்லி அக்கா அழுதார். நான்தான் தண்ணீர் கொடுத்தேன். அதே மருந்தை எடுத்த இன்னொருவரும் அப்படியே போன பிறகுதான் நீங்கள் பழைய படங்களைத் தோண்டி எடுத்தீர்கள்.

வருத்தம் இருக்கிறதா என்கிறீர்கள். இல்லை. எங்கே கொண்டுபோய் நிறுத்தினாலும் இதையேதான் சொல்வேன். மாமாவிடம் எல்லாவற்றையும் விளக்கித்தான் சம்மதம் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் இருந்தது. எலிகளை யார் கேட்டது? வாயில்லாத ஜீவன்களுக்காக ஒருத்தி நின்றாள் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அவை என்ன ஆயின என்று மட்டும் நீங்கள் கேட்கவே இல்லை. படங்கள் நன்றாக இருந்ததால் உயிரோடு வைத்துக் கவனிக்கச் சொன்னார்கள். மாமா மருந்து எடுத்துக்கொண்டிருந்தபோதே ஒவ்வொன்றாக மூச்சிரைத்து, கூண்டின் மூலையில் சுருண்டு செத்தன. கூண்டு பார்க்கிறவரிடம் வயதாகிவிட்டது என்று சொன்னேன். கடைசிவரை நான் பக்கத்திலேயே இருந்தேன். ஒன்றைக்கூட யாரும் கொல்ல விடவில்லை.