பின்கட்டு உத்தரம்

டீக்கு நன்றி, இன்ஸ்பெக்டர். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் மெதுவாகவே சொல்கிறேன்.

என் பெயர் லட்சுமணன். ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வீடு திருமுல்லைவாயில் ரயில்வே ஸ்டேஷனுக்குத் தெற்கே. நான் குடிவந்தபோது எங்கள் தெருவில் நூறு வருஷத்து வீடுகள் பதினொன்று இருந்தன. மரத்தூண், நடுமுற்றம், சுண்ணாம்புத் தளம். ஒவ்வொன்றாக இடித்து அடுக்குமாடி எழுப்பினார்கள். நானும் பள்ளி ஆசிரியர் பக்தவத்சலமும் சேர்ந்து ஒரு பாதுகாப்புக் குழு ஆரம்பித்தோம். மனு எழுதினோம், ஆபீஸ் ஆபீசாக அலைந்தோம். தொண்ணூற்றிரண்டில் மிச்சம் இருந்தது ராஜம்மாவின் வீடு ஒன்றுதான்.

ராஜம்மா விதவை. மகன் நாகப்பன் பாடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறான். மருமகள் ராணி. பிளாட் கட்டுகிற கோதண்டம் வீட்டைக் கேட்டு வந்தபோது அந்த அம்மாள் கையெழுத்துப் போடவே தயாராக இருந்தார். நான் மூன்று நாள் உட்கார்ந்து பேசினேன். "சாரு நம்ம ஊட்டுக்காக இவ்ளோ அலையறாரு. வோணாம்னா வோணாம்" என்று அவரே கோதண்டத்தைத் திருப்பி அனுப்பினார். அதை நான் வற்புறுத்தல் என்று சொல்லமாட்டேன்.

அடுத்த வருஷம் ராணிதான் முதலில் கவனித்தாள்.

"பின்கட்டுல சோறாக்க சொல்ல மேலேர்ந்து தூளு தூளா வுயுது சார். உத்தரத்துல இன்னாவோ கீது."

ஏணி வைத்து ஏறினேன். அவள் பிடித்துக்கொண்டாள். குத்தூசியை, கூரையைத் தாங்கும் அந்த மர உத்தரத்தில் வைத்து அழுத்தினேன். பிடிவரை உள்ளே போயிற்று. கரையான் உள்ளே எதையும் மிச்சம் வைக்கவில்லை.

இதைச் சொன்னால் நகராட்சி எஞ்சினியர் வருவார். ஆபத்தான கட்டடம் என்று முழு வீட்டுக்கும் நோட்டீஸ் ஒட்டுவார். கோதண்டம் ஒரு வாரத்தில் வாசலில் நிற்பார்.

"மேல்பூச்சு உதிருதும்மா, அவ்வளவுதான். உத்தரம் கெட்டியா இருக்கு" என்றேன்.

மரத்தூளும் பசையும் குழைத்து ஓட்டைகளை அடைத்து வார்னிஷ் அடித்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. ராஜம்மா எனக்கு வடை சுட்டுக் கொடுத்தார்.

நவம்பரில் மூன்று நாள் விடாத மழை. கூரையின் சுண்ணாம்புத் தளம் தண்ணீர் குடித்தால் கனம் கூடும். நான்காம் நாள் காலை போய்ப் பார்த்தேன். நாகப்பன் வேலைக்குப் போயிருந்தான். சுவரோடு சேரும் இடத்தில் உத்தரம் இரண்டு விரல் இறங்கியிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொழுது சாய்வதற்குள் விழுந்துவிடும். ஆனால் முன்கட்டு தனியாக நிற்கும்.

பின்கட்டு வாசலுக்கு மேலே வண்ணக் கண்ணாடிச் சட்டம் ஒன்று உண்டு. நீலமும் சிவப்பும். இப்போது எங்கும் கிடைக்காது. துடைத்துத் தருகிறேன் என்று சொல்லிக் கழற்றினேன். ராணி முக்காலி கொண்டுவந்து போட்டாள், கண்ணாடியைச் சுற்றப் போர்வை கொடுத்தாள். "நனையாதீங்க சார்" என்று என் தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துவிட்டாள். நான் வெளியே வந்ததும் முன்கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

வேறு ஒன்றும் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வெளியே வந்திருப்பார்கள். ஆளில்லாத பழைய வீட்டை இந்த ஊரில் யாரும் விட்டுவைப்பதில்லை. அவர்கள் அந்த நேரம் முன்கட்டில் இருக்கக்கூடும் என்றும் நினைத்தேன். அது சமைக்கிற நேரம் என்பது ஞாபகம் வராமல் இல்லை.

பதினொன்றரை மணிக்குச் சத்தம் கேட்டது.

நான் போனபோது தெருவே கூடியிருந்தது. பின்கட்டு மொத்தமும் இறங்கிவிட்டது. ராஜம்மா உடனே போய்விட்டாராம், பிறகு டாக்டர் சொன்னார். ராணியின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. லாரி ஓட்டும் துலுக்கானம் கடப்பாரையோடு முன்கதவுக்கு வந்தார். அந்தக் கதவின் நிலை ஒரே மரத்தில் செதுக்கியது, இரண்டு பக்கமும் கொடியும் கிளியும். நான் குறுக்கே நின்றேன்.

"இன்னா சார் நீ, உள்ள பொண்ணு கத்திக்கினு கீது."

"இதை உடைச்சா முன்கட்டும் அவ மேலே சரிஞ்சிடும். பின்சந்து வழியா போங்க."

அந்த வீட்டைப்பற்றி என்னைவிடத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை. நம்பிப் போனார்கள். பின்சந்தில் சுவர் விழுந்து அடைத்துக்கிடந்ததை நான் வரும்போதே பார்த்திருந்தேன்.

கதவருகே நான் மட்டும் நின்றேன்.

"சார், வந்துட்டீங்களா சார்?"

"வந்துட்டேன்மா. பேசாம இரு."

சொன்னபடியே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு ஒருமுறை நாகப்பனைக் கூப்பிட்டாள்.

அரைமணி கழித்து, கற்களை அகற்ற முடியாமல் அவர்கள் திரும்பி வந்தார்கள். என்னைத் தள்ளிவிட்டுக் கதவை உடைத்தார்கள். முன்கட்டு சரியவில்லை. பாடியிலிருந்து ஓடிவந்த நாகப்பன் என் சட்டையைப் பிடித்துக் கேட்டதும் அதைத்தான்: "சரியும்னு சொன்னியே சார், ஏன் சரியல?"

சரியாது என்று எனக்குத் தெரியும் ஐயா. இரண்டு பேரும் என்னால்தான் போனார்கள், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கடப்பாரை பட்டு நிலை ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்துவிட்டது. குரல் நின்று பத்து நிமிஷம் ஆன பிறகு அதை உடைப்பதற்கு அப்படி என்ன அவசரம் என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.