பின்னால் பிடித்த கை

மாலை ஐந்து மணிதான். ஆனால் அலெக்ஸாந்திரியாவில் நவ்வா புயல் அடிக்கும்போது ஐந்து மணிக்கே கும்மிருட்டு. கடற்கரைச் சாலையில் ஒரு நாய்கூட இல்லை. அலை சுவரைத் தாண்டி வந்து ரோட்டில் அறைந்தது... சளார்... சளார்...

மெழுகுவர்த்தி அங்கேயே இருக்கட்டும். கிட்ட வாருங்கள்.

இது என் நண்பன் ஹம்தியின் மச்சான் ரிஃபாத்துக்கு நடந்தது. பஸ் ஓட்டுகிறவர். லேசில் பயப்படுகிற ஆள் இல்லை.

அன்று அவருடைய மகள் ஷஹதுக்குக் காய்ச்சல். ஏழு வயது. உடம்பு அனலாய்க் கொதித்தது. மருந்துக் கடை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். எப்படியோ போய் வாங்கிவிட்டார். திரும்பும்போது சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர்.

மழைநாளில் அங்கே வழக்கம்தான்... முன்பின் தெரியாதவர்கள் கைகோத்து வரிசையாக இறங்குவார்கள். ரிஃபாத்துக்கு முன்னால், ரொட்டிப் பையைத் தலையில் வைத்த ஒரு பருத்த பெண்மணி. ரிஃபாத்தின் வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன தம்பி, மீன் வாங்கவா வந்தே? காலடியிலயே நீந்துது பாரு, அள்ளிக்கோ!"

எல்லோரும் சிரித்தார்கள்.

பாதி வழியில் விளக்கு அணைந்தது. அப்போது... அவருடைய இடது கையை ஒரு கை பிடித்தது. ஒல்லியான கை. சுருங்கிய தோல். ஐஸ் மாதிரிச் சில்லென்று. கிராம்பும் ஈரக் கம்பளியும் கலந்த வாசனை.

யாரோ வயதான அம்மா, பாவம், பின்னால் வந்து சேர்ந்திருக்கிறார் என்று நினைத்தார்.

"கெட்டியாப் பிடிச்சுக்குங்க ஹாஜிம்மா. இன்னும் கொஞ்ச தூரந்தான்."

அந்தப் பிடி இறுகியது.

முன்னால் போனவள் நின்றாள். "யாருகிட்ட தம்பி பேசுறே? நீதானே கடைசி?"

ரிஃபாத் திரும்பவில்லை. திரும்பினால் மருந்து வீடு போய்ச் சேராது என்று தோன்றியதாம். நடந்தார். தண்ணீரில் அவர் காலடிச் சத்தம்... அதற்குப் பின்னால் இன்னொன்று.

மேடேறியதும் அந்தக் கை விட்டது. அப்போது பிடித்த ஓட்டம், வீட்டு வாசலில்தான் நின்றது.

கதவைத் திறந்த மனைவி நஷ்வா அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"ஐயோ, பெரியவங்களை இப்படி நனைய விட்டுட்டீங்களே! உள்ள வாங்க ஹாஜிம்மா, வாங்க."

சொல்லிவிட்டுத் துண்டு எடுக்க ஓடினாள். திரும்பி வந்தபோது ரிஃபாத் மட்டும் நின்றார்.

"எங்க அவங்க?"

வாசலில் யாரும் இல்லை. படிகளில் யாரும் இறங்கவும் இல்லை.

பிள்ளைக்கு மருந்து கொடுத்தார்கள். கதவைத் தாழிட்டார்கள். கட்டிலின் இரண்டு பக்கமும் இருவர்... எப்போது கண் அயர்ந்தார்களோ, தெரியாது.

விடிந்தபோது காய்ச்சல் இல்லை. ஷஹத் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றாள். சிக்குப் பிடித்துக் கிடந்த தலைமுடி வகிடெடுத்து, இழுத்து, இறுக்கமாகப் பின்னியிருந்தது.

"நீங்களா பின்னி விட்டீங்க?" நஷ்வா கேட்டாள்.

"எனக்கு எங்கடி பின்னத் தெரியும்?"

இப்போது ஷஹத் கல்யாணமாகி அஸ்வானில் இருக்கிறாள். பாலைவனத்து ஓரம்... கடல் கிடையாது, புயல் கிடையாது. போன குளிர்காலம், இங்கே நவ்வா அடித்த மறுநாள் காலை, அவள் புருஷன் ரிஃபாத்துக்குப் போன் செய்தானாம். ஒரே ஒரு கேள்வி.

"மாமா... இவ தூங்குறப்ப பக்கத்துல உக்காந்து தலை பின்னி விடுறாங்களே... அந்தப் பாட்டி யாரு?"