திருமண வகுப்பில் சொல்லவிடாத பாடம்

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, திருமண வகுப்புக் குழுப் பெரியோரே, கொட்டாஞ்சேனையின் தாய்மாரே, அக்காமாரே! வணக்கம்.

மகளிர் மருத்துவர் ஐறீன் சின்னராசா மறைந்துவிட்டார். இந்த நினைவுக் கூட்டத்தில் எனக்கு முன் பேசியவர்கள் அவரை அன்பின் வடிவம் என்றார்கள். உயிரோடு இருந்தபோது அந்த அன்பின் வாயை இதே மண்டபத்தில் அடைத்தவர்கள் யார்?

நான் மருத்துவபீட மாணவி. என் அக்கா மாக்ரெட்டைக் கலியாணமான முதலாண்டிலேயே கிராண்ட்பாஸிலுள்ள கணவர் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். தாம்பத்திய உறவு அவளுக்கு இயலவில்லை. மாமியார் எங்கள் வாசலில் நின்று, "உங்கட பிள்ளைக்கு என்ர மகனைப் பிடிக்கேல்லை. ஃபாதரிட்டச் சொல்லிக் கலியாணத்தை இல்லாமல் செய்யப்போறம்" என்றார். அக்கா கணவரை நேசித்தாள். அதை யார் கேட்டார்கள்?

டொக்டர் கேட்டார்! முதல் நாள் அவளைத் தொடவேயில்லை; கதைத்தார்.

"கண்ணுக்குக் கிட்ட விரல் வந்தா இமை மூடுது. அது இமையின்ர திமிரே, மாக்ரெட்? நோகுமெண்ட பயத்தில யோனியைச் சுத்தியிருக்கிற தசையும் அப்பிடித்தான் இறுகும். நீர் இறுக்கேல்லை. அது தானா இறுகுது. பழக்கினா இளகும்."

"அப்ப பிழை என்னிலயே, டொக்டர்?"

"உமக்கு ஒண்டும் சொல்லித்தராம அனுப்பின ஆக்களில."

மூச்சுப் பயிற்சி, தசையைத் தளர்த்தும் பயிற்சி, சிறியதில் தொடங்கிப் படிப்படியாகப் பழக்கும் கருவிகள். நோகும்போது நிறுத்தும் உரிமை அவளுடையது. அத்தான் கிளெமென்றையும் அழைத்தார். "தம்பி, நீர் வீரம் காட்டினது காணும். இனிப் பொறுமையைக் காட்டும்!" அத்தான் அன்றுதான் அழுதார். சில மாதங்களில் அக்கா குணமானாள். ஊர் பேசிய பேச்சு மட்டும் இன்னும் ஆறவில்லை.

கலியாணத்துக்கு முன் எல்லோரும் வந்தே ஆகவேண்டிய வகுப்பில் டொக்டர் இதைச் சொன்னார். என்ன நடந்தது? "டொக்டர், இது கோயில் மண்டபம். அசிங்கம் கதைக்கிற இடமில்லை" என்று ஒரு பெரியவர் இடைமறித்தார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். டொக்டருடைய அரைமணி நேரம் கலியாணப் பட அல்பத்துக்கு எப்படி நிற்கவேண்டும் என்று விளக்கும் படப்பிடிப்பாளருக்குப் போனது. மணப்பெண்கள் அழகாக நிற்கக் கற்றார்கள். எத்தனை பேர் அழுகையை மறைக்கவும் கற்றார்கள்?

அந்த அரைமணி நேரத்தைத் திருப்பித் தாருங்கள். தரும்வரை ஒவ்வொரு வகுப்பன்றும் வெளி வாசலில் நின்று நான் சொல்வேன். இது என் உறுதி.

கலியாணம் நிச்சயமான அக்காமாரே, இப்போதே கேளுங்கள்: உடல் இறுகினால் அது உங்கள் குற்றமல்ல. நோவைப் பொறுப்பது கடமையல்ல. இதற்கு மருத்துவம் உண்டு.

பாடம் முடிந்தது, பெரியோரே. இனி அவர் படத்துக்கு மாலை போடுங்கள்.